வாங்கின காரில பிழை: சேல்காரர் ஏன் இழுத்தடிக்கினம், அவையை எங்க பிடிக்கலாம்

2023ல அக்கா கார் வாங்கி 19ஆம் நாள் காலமை, பள்ளிக்கூடத்துக்குப் போற வழியில கோண்டாவில் சந்தி தாண்டேக்க டாஷ்போர்ட்டில சிவப்பு முக்கோணம் ஒண்டு எரிஞ்சுது. 2013ஆம் ஆண்டு ரொயோட்டா அக்வா, பெற்றோலும் பற்றறியும் சேந்து ஓட்டுற ஹைபிரிட் கார். கார் நிக்கேல்லை, ஓடினது, ஆனா இழுவை இல்லை, ஏசியும் சூடா ஊதத் தொடங்கீட்டுது. அவ உடன வித்த இடத்துக்குப் போன் அடிச்சா. "ஒண்டுமில்லை ரீச்சர், சென்சர் ஏதும் பிழையா இருக்கும், கொண்டு வாங்கோ பாப்பம்" எண்டு சொல்லிச்சினம். கொண்டு போக, ஒரு பெடியன் ஸ்கானரைக் குத்தி பிழைக் கோட்டை (code, காரின்ர கொம்பியூட்டர் பதிஞ்சு வைக்கிற பிழை இலக்கம்) அழிச்சு விட்டான், லைற் நூந்து போச்சு, அக்கா சந்தோசமா வீட்ட வந்தா. நாலாம் நாள் திரும்ப எரிஞ்சுது. திரும்பக் கொண்டு போனா, திரும்ப அழிச்சுக் குடுத்தினம். இப்பிடி ஆறு தரம்.

அந்த ஆறு தரத்துக்கும் எங்களிட்ட ஒரு துண்டுக் கடுதாசி கூட இருக்கேல்லை. எனக்கு விசயம் தெரிய வரேக்க கார் வாங்கி ரெண்டு மாசத்துக்கு மேல போட்டுது. சேல்காரர் முகம் குடுத்துத்தான் கதைச்சவர், தேத்தண்ணியும் குடுத்தவர், ஒரு நாளும் ஏலாது எண்டு சொல்லேல்லை. "பாப்பம்" எண்டுதான் சொன்னவர். அந்தப் "பாப்பம்" எண்ட சொல்லுக்குள்ளதான் முழு விசயமும் இருக்கு, ஏனெண்டா எங்கட இலங்கைச் சட்டத்தில ஒரு மூண்டு மாசக் கணக்கு இருக்கு, நாங்கள் தேத்தண்ணி குடிச்சுக்கொண்டு இருக்கேக்கையும் அது ஓடிக்கொண்டுதான் இருக்கும். அதைப் பேந்து சொல்லுறன்.

முதல்ல இந்த நிலைமை எப்பிடி வந்தது எண்டு விளங்கோணும். யாழ்ப்பாணத்தில கார் வாங்கிறது எண்டா முந்தி தெரிஞ்ச ஆளிட்ட தெரிஞ்ச காரை வாங்கிறதுதான். மொறிஸ் மைனர், ஒஸ்ரின் ஏ40, கேம்பிரிஜ் எண்டு அந்தக் கார் எந்த வளவில நிண்டது, ஆர் ஓடினது, எந்தக் கராஜில எஞ்சின் கழட்டினது எண்டு ஊருக்கே தெரியும். சண்டைக் காலத்தில பெற்றோல் தடை இருந்த நேரம் அதே கார்களை மண்ணெண்ணையில ஓட்டின ஆக்கள் நாங்கள், ஸ்ராட் பண்ண மட்டும் ரெண்டு துளி பெற்றோல் விட்டு, பேந்து மண்ணெண்ணைக்கு மாத்தி. பார்ட்ஸ் வராட்டி லேத்தில கடைஞ்சு போட்டவை. அந்தக் காலம் ஒரு பழக்கத்தையும் தந்துட்டுப் போச்சு: வாகனம் கைக்கு வந்தா அதின்ர பிழை வாங்கினவன்ர பாடு, நல்ல மெக்கானிக் ஒருத்தரைப் பிடிச்சு நாங்களே சமாளிக்கிறது. வித்தவனிட்டத் திரும்பிப் போய்க் கேக்கிறதே ஒரு மரியாதைக் குறைவு மாதிரி.

அந்தப் பழக்கம் ஏ40க்கு சரி, அக்வாவுக்குச் சரிவராது. அக்வான்ர ஹைபிரிட் பற்றறிக்குள்ள 20 மொடியூல் (சின்னப் பற்றறித் துண்டுகள்), மொத்தம் 144 வோல்ற். அதில ஒண்டு செத்தாலும் முழுக் காரும் கத்தும், அதை வெளியில நிண்டு பாத்தோ எஞ்சின் சத்தத்தைக் கேட்டோ எந்தப் பெரிய மெக்கானிக்காலையும் கண்டுபிடிக்க ஏலாது. பிழை ஒளிஞ்சு இருக்கிற இடம் மாறீட்டுது, வாங்கிற ஆக்கள் இன்னும் பொனற்றைத் திறந்து ஒயில் கசிவு பாத்திட்டு, நாலு ரயரையும் காலால உதைஞ்சிட்டு, "நல்ல வாகனம்" எண்டு சொல்லிக் காசைக் குடுக்கினம்.

இதுக்கு மேல இறக்குமதித் தடை வேற. 2020 மார்ச்சில வாகன இறக்குமதியை நிப்பாட்டினவை, தனியார் பாவனைக்கான வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியிலதான் திரும்பத் திறந்தது. கிட்டத்தட்ட அஞ்சு வருசம் நாட்டுக்குள்ள இருந்த அதே வாகனங்கள்தான் கை மாறிக் கை மாறி ஓடினது. பத்து வருசப் பழசு வாங்கின விலையை விட ரெண்டு மடங்குக்கு மேல போன காலம் அது. அப்பிடி ஒரு சந்தையில வாங்கிறவர் கேள்வி கேட்டா, "வேண்டாமெண்டா விடுங்கோ, பின்னால மூண்டு பேர் நிக்கினம்" எண்டு சொல்லுறது சேல்காரருக்கு லேசு. பெரும்பாலும் அது உண்மையாவும் இருந்தது. எழுதித் தாங்கோ எண்டு கேக்கவே ஆக்கள் பயந்தவை, கேட்டா கார் வேற ஆளுக்குப் போயிடும் எண்டு.

இப்ப முக்கியமான கேள்வி, உங்களுக்குக் காரை வித்தது ஆர்? கேக்க லேசாத்தான் இருக்கும், ஆனா கனபேருக்கு விடை தெரியாது. கார்க் கொம்பனியின்ர ஏஜென்ற்றிட்ட பிராண்ட் நியூவா வாங்கினா வொரன்றிப் புத்தகம் இருக்கும், எத்தினை வருசம் எத்தினை கிலோமீற்றர் எண்டு அச்சில இருக்கும், சேர்விஸை அவையிட்டையே செய்துகொண்டு வந்தா பெரிய சண்டை வராது. ரீகண்டிசன், அதாவது வெளிநாட்டில ஓடின காரை இறக்கிறவரிட்ட வாங்கினா அவர்தான் இறக்குமதியாளர், அவற்ற பேர் சுங்கப் பேப்பரில இருக்கும். வளவுக்குள்ள "விற்பனைக்கு" எண்டு போட் போட்டிருக்கிற வீட்டுக்காரரிட்ட வாங்கினா அவர் வியாபாரி இல்லை, அவருக்கு எதிரா நிக்கிறதுக்குச் சட்டத்தில இடம் குறைவு, அவர் பொய் சொன்னதை நிரூபிச்சாத்தான் ஏதும் உண்டு.

சிக்கல் நாலாவது வகையில. றோட்டோரம் பத்துப் பதினஞ்சு கார் நிப்பாட்டி இருக்கிற கார் சேல். பார்க் அண்ட் சேல் எண்டு சொல்லுறது. அங்க நிக்கிற பாதிக் கார் அவற்ற இல்லை, ஆரோ கொண்டு வந்து விட்டது, வித்தா கொமிசன். மற்றப் பாதியை அவர் காசு குடுத்து வாங்கித்தான் வச்சிருப்பார், ஆனா வாகனப் பதிவுப் புத்தகத்தில தன்ர பேருக்கு மாத்த மாட்டார். பழைய உரிமையாளர் கையெழுத்து வச்ச ரான்ஸ்பர் போம், அடையாள அட்டைக் கொப்பி, எல்லாம் நாள் போடாமல் கட்டாக் கிடக்கும், அதைத்தான் ஓப்பின் பேப்பர் எண்டுறது. நீங்கள் வாங்கேக்க உங்கட பேரை நிரப்பி அனுப்ப, மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தின்ர பதிவில கார் குருநாகலிலயோ நீர்கொழும்பிலயோ இருக்கிற ஒரு ஆளிட்ட இருந்து நேர உங்களுக்கு வந்த மாதிரித்தான் இருக்கும். இடையில நிண்ட கார் சேல்காரர் பேப்பரில இல்லவே இல்லை. பிழை எண்டு போனா, "நான் இடையில நிண்டு எடுத்துத் தந்தது மட்டும்தான் தம்பி, ஓனரோட கதையுங்கோ" எண்டுவார். ஓனருக்குப் போன் அடிச்சா அவர் காரை வித்து எட்டு மாசம், உங்களை ஆரெண்டே தெரியாது.

இதுக்கு ஒரே மருந்து அவற்ற லெற்றர்ஹெட்டில காசு வாங்கின ரசீது. கடைப் பேர், விலாசம், வியாபாரப் பதிவு இலக்கம், செசி நம்பர் (காரின்ர உடம்பில அடிச்சிருக்கிற இலக்கம்), மீற்றரில நிக்கிற கிலோமீற்றர், முழு விலை, திகதி, கையெழுத்து. வரி குறைக்கவோ என்னத்துக்கோ விலையைக் குறைச்சு எழுதித் தாறன் எண்டா விடாதேங்கோ, பேந்து காசு திரும்ப வேணும் எண்டு கேக்கேக்க அந்தக் குறைஞ்ச விலைதான் உங்கட விலை. இன்னொண்டு, எங்கட ஊருக்கே உரிய பிரச்சினை, காசு கனடாவில இருந்து மாமா அனுப்பியிருப்பார், ரசீது மச்சான்ர பேரில இருக்கும், புத்தகம் அம்மான்ர பேரில, காரை ஓடுறது நீங்கள். பிழை வந்தா ஆர் முறைப்பாடு குடுக்கிறது? ரசீதும் புத்தகமும் ஒரே ஆளின்ர பேரில இருக்கட்டும், அந்த ஆள் கச்சேரிக்கு (மாவட்டச் செயலகத்துக்கு) நேர வந்து நிக்கக்கூடிய ஆளா இருக்கட்டும்.

சட்டத்துக்கு வருவம். ரெண்டு சட்டம் இருக்கு, ஒண்டு பழசு ஒண்டு புதுசு. பழசு 1896ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கப் பொருட்கள் விற்பனைக் கட்டளைச் சட்டம். வெள்ளைக்காரன் காலத்துச் சட்டம்தான், ஆனா இண்டைக்கும் உயிரோட இருக்கு. அதின்ர அடிப்படை வாங்கிறவர்தான் பாத்து வாங்கோணும் எண்டது, ஆனா அதுக்கு விலக்கு வச்சிருக்கு. தன்ர தொழிலா ஒரு பொருளை விக்கிற ஆளிட்ட, என்ன தேவைக்கு வாங்கிறன் எண்டு சொல்லி, அவற்ற அறிவை நம்பி வாங்கினா, அந்தப் பொருள் அந்தத் தேவைக்கு உதவோணும் எண்டது பேசாமலே ஒப்பந்தத்துக்குள்ள வந்திடும். "ஒவ்வொரு நாளும் பருத்தித்துறைக்கும் யாழ்ப்பாணத்துக்கும் போய் வரோணும், அதுக்கேத்த கார் தாங்கோ" எண்டு வட்சப்பில ஒரு வரி எழுதியிருந்தாலே அது பெரிய விசயம்.

அதே சட்டத்தில ஒரு பொறியும் இருக்கு. நீங்கள் பொருளைப் பரிசோதிச்சிருந்தா, அந்தப் பரிசோதனையில தெரிஞ்சிருக்க வேண்டிய பிழைக்கு விக்கிற தரத்தில இல்லை எண்டு சொல்லிக்கொண்டு பேந்து வரேலாது. அதாலதான் சேல்காரர் "மெக்கானிக்கைக் கூட்டிக்கொண்டு வந்து வடிவாப் பாருங்கோ" எண்டு தாராளமாச் சொல்லுவார். மெக்கானிக் பாத்திட்டுப் போனா, தேஞ்ச ரயர், கீறல், பெயின்ற் வித்தியாசம், சொக் அப்சோபர் கசிவு, இதெல்லாம் உங்கட தலையில. பற்றறிக்குள்ள செத்த மொடியூல், கியர்பொக்ஸுக்குள்ள தேஞ்ச கிளச், கழட்டினாலொழியத் தெரியாத இப்பிடியான பிழை அப்பிடி இல்லை. மெக்கானிக்கைக் கூட்டிக்கொண்டு போக வேண்டாம் எண்டு நான் சொல்லேல்லை, கட்டாயம் போங்கோ, ஆனா அவர் என்னத்தைப் பாத்தவர், என்னத்தைப் பாக்கேல்லை எண்டு ஒரு தாளில எழுதி வாங்குங்கோ.

புதுசு 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டம், பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டம். நீதிமன்றத்துக்குப் போகாமல் ஏதும் நடக்கோணும் எண்டா இதுதான் வழி. இதின்ர 13ஆம் பிரிவில, வியாபாரி குடுத்த வொரன்றிக்குப் பொருந்தாத பொருளை வித்தா முறைப்பாடு செய்யலாம் எண்டு இருக்கு, அந்த வொரன்றி வாயால சொல்லாமல் உட்கிடையா இருந்தாலும் சரி. அதிகாரசபை விசாரிச்சு, நட்டஈடு குடு, பொருளை மாத்திக் குடு, இல்லாட்டிக் காசைத் திருப்பிக் குடு எண்டு கட்டளை போடலாம். கட்டளைக்குக் கீழ்ப்படியாட்டி நீதவான் நீதிமன்றத்தில தண்டப்பணம் மாதிரி அறவிடலாம். ஆனா முறைப்பாடு எழுத்தில இருக்கோணும், வித்து 3 மாசத்துக்குள்ள இருக்கோணும். அந்த மூண்டு மாசம் வித்த நாளில இருந்து. லைற் எரிஞ்ச நாளில இருந்தும் இல்லை, சேல்காரர் கடைசியா "பாப்பம்" சொன்ன நாளில இருந்தும் இல்லை. அக்காவுக்கு நான் நாள் எண்ணிப் பாத்தது 74ஆம் நாள். நெஞ்சு திக்கெண்டுது.

சேல்காரர் எல்லாரும் இந்தக் கணக்குத் தெரிஞ்சுகொண்டுதான் இழுத்தடிக்கினம் எண்டு நான் சொல்ல மாட்டன். கனபேருக்கு உண்மையாவே கையில காசு இல்லை, ஒரு காரில வாற இலாபத்தை அடுத்த காருக்கு அட்வான்ஸாப் போட்டிருப்பினம், உங்கட பற்றறிக்கு எடுத்துக் குடுக்கிறதுக்கு ஒண்டும் மிஞ்சாது. அதால நாளைக் கடத்தீனம். தெரிஞ்சு செய்தாலும் தெரியாமல் செய்தாலும் உங்களுக்கு வாற முடிவு ஒண்டுதான், நீங்கள் சிநேகிதமாக் கதைச்சுக்கொண்டிருக்க நாள் முடிஞ்சிடும்.

சரி, பிழை வந்திட்டுது, என்ன செய்யிறது? கோட்டை அழிக்க விடக் கூடாது. எல்லாத்தையும் விட இதுதான் முக்கியம், எங்களுக்கு நடந்ததும் இதுதான். லைற் எரிஞ்ச உடன, வித்த இடத்துக்குப் போக முதல், சம்பந்தமில்லாத ஒரு கராஜில ஸ்கான் பண்ணி ரிப்போட்டைப் பிரின்ற் எடுங்கோ, திகதியும் கிலோமீற்றரும் செசி நம்பரும் அதில விழோணும். மீற்றரை ஒரு போட்டோ, எரியிற லைற்றை ஒரு வீடியோ. அக்வா, பிரியஸ் மாதிரிக் காருகளில பி-0-ஏ-80 (P0A80) எண்டு கோட் வந்தா, அது ஹைபிரிட் பற்றறிப் பக் பழுது எண்டு கார் தானே சொல்லுறது, சென்சர் கதை ஒண்டும் அங்க எடுபடாது. இன்னொரு நுட்பம், கோட்டை அழிச்சா காரின்ர கொம்பியூட்டர் தன்ர சுய பரிசோதனைகளை எல்லாம் திரும்ப முதல்ல இருந்து ஓட்டோணும், அது முடியும் மட்டும் ஸ்கானரில "முடியேல்லை" எண்டுதான் காட்டும். வாங்கப் போற காரில பத்தில எட்டு அப்பிடிக் காட்டினா, ஆரோ கிட்டடியில கோட் அழிச்சிருக்கினம், இல்லாட்டி பற்றறி வயரைக் கழட்டியிருக்கினம். நான் இப்ப ஆர் கார் பாக்கக் கூப்பிட்டாலும் முதல் இதைத்தான் பாக்கிறது, பெயின்ற் பேந்து.

பிழையைக் காட்ட முதல் திருத்தவும் கூடாது. அவசரத்தில வேற கராஜில கழட்டிப் போட்டு பில்லைக் கொண்டு போய் நீட்டினா, "நீங்கள் கழட்டினதாலதான் பழுதானது" எண்டு முடிச்சுவிடுவினம். யாழ்ப்பாணத்தில இன்னொரு சாட்டும் நல்லா எடுபடும், கிணத்துத் தண்ணி. எங்கட நிலம் சுண்ணாம்புக் கல், தண்ணியில சுண்ணாம்பு கூட, கேத்தலுக்குள்ள படியிற அதே வெள்ளைதான் ரேடியேற்றருக்குள்ளையும் படியும். எஞ்சின் சூடாகிது எண்டு போனா, "கிணத்துத் தண்ணி விட்டனீங்களோ?" எண்டு கேப்பினம், நீங்கள் ஓமெண்டா அதோட கதை சரி. கூலண்ட் மட்டும்தான் விடுறது, வாங்கின போத்தல் பில்லையும் வையுங்கோ. ஹைபிரிட்டுக்கு இன்னும் ஒண்டு, பின் சீற்றுக்குப் பக்கத்தில பற்றறியைக் குளிராக்கிற பானுக்கு (காத்தாடிக்கு) காத்து இழுக்கிற வழி இருக்கு, எங்கட புழுதிக்கு அது கெதியா அடைபட்டிடும், அடைபட்டா பற்றறி சூடேறிச் சாகும். வாங்கின கிழமையே அதைத் திறந்து ஒரு படம் எடுங்கோ. அதுக்குள்ள வருசக்கணக்கான தூசி இருந்தா அது உங்கட தூசி இல்லை எண்டு அந்தப் படம் சொல்லும்.

பிறகு கடிதம். எங்கட ஆக்களுக்குக் கடிதம் எழுதிறது எண்டா சண்டை தொடங்கின மாதிரி ஒரு நினைப்பு, "மூஞ்சைக்கு நேர கதைக்கலாமே" எண்டுவினம். கதையுங்கோ, ஆனா கதைச்ச அண்டு பின்னேரமே அதை வட்சப்பில எழுதிப் போடுங்கோ, "அண்ணை, இண்டைக்குக் காரைக் கொண்டு வந்தனான், இந்தக் கோட் இருந்தது, அழிச்சுத் தந்தனீங்கள், திரும்ப வந்தா பற்றறியைப் பாக்கிறன் எண்டனீங்கள்" எண்டு. அவர் பதில் போடாட்டியும் பரவாயில்லை, நீல ரிக் விழுந்தாலே காணும். ரெண்டாம் தரம் அதே பிழை வந்தா பதிவுத் தபால்தான். நீட்டி எழுதத் தேவையில்லை. நாங்கள் அனுப்பினது இவ்வளவுதான்:

"இன்ன திகதியில் உங்களிடம் கொள்வனவு செய்த, இன்ன செசி இலக்கமுடைய வாகனத்தில், கொள்வனவு செய்து 19 நாட்களில் ஹைபிரிட் பற்றறிப் பழுது ஏற்பட்டுள்ளது. ஆறு தடவைகள் உங்களிடம் கொண்டுவந்தும் திருத்தப்படவில்லை. பரிசோதனை அறிக்கை இணைக்கப்பட்டுள்ளது. இக்கடிதம் கிடைத்து 7 நாட்களுக்குள் உங்கள் செலவில் திருத்தித் தருமாறு கேட்டுக்கொள்கிறேன். தவறின் பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபைக்கு முறைப்பாடு செய்வேன்."

கோபமா ஒரு சொல்லும் இல்லை, கள்ளன் எண்டோ ஏமாத்துக்காரன் எண்டோ இல்லை. இந்தக் கடிதத்தை ஒரு நாள் மூண்டாம் ஆள் ஒருத்தர் மேசையில வச்சு வாசிப்பார், அவருக்குத்தான் இதை எழுதுறம். பேஸ்புக்கில கடைப் பேரைப் போட்டுக் கிழிக்கோணும் எண்டு தம்பிமார் நிண்டவை, நான் விடேல்லை. மானநட்ட வழக்கு ஒரு பக்கம், பேந்து 2024ல இணையத்தில எழுதிறதுக்கு நிகழ்நிலைக் காப்புச் சட்டம் எண்டு வேற வந்தது, அதோட ஒருக்காப் பேரைக் கெடுத்துட்டா பேந்து அவர் திருத்தித் தாறதுக்கு என்ன காரணம் மிச்சம்?

முறைப்பாட்டுக்குக் கொழும்புக்குப் போகத் தேவையில்லை. அதிகாரசபைக்கு மாவட்ட அலுவலகங்கள் இருக்கு, எங்களுக்குக் கண்டி வீதியில கச்சேரிதான். 1977 எண்டு ஒரு துரித இலக்கமும் இருக்கு, ஆனா போன் மட்டும் அடிச்சிட்டு இருக்காதேங்கோ, சட்டம் எழுத்தைத்தான் கேக்குது. தமிழிலயே எழுதலாம். ரசீது, ஸ்கான் ரிப்போட், கடிதக் கொப்பி, பதிவுத் தபால் துண்டு, விளம்பரத்தின்ர ஸ்கிரீன்சொட் எல்லாத்தையும் ஒரு பைலில போட்டுக் குடுங்கோ. விளம்பரம் எண்டது சின்ன விசயமில்லை, "ஹைபிரிட் பற்றறி 100 வீதம்", "அக்சிடன்ற் இல்லை" எண்டு அவையே எழுதினதை, வித்த அடுத்த நாள் அழிச்சுப் போடுவினம், அதால வாங்க முதலே படம் எடுத்து வையுங்கோ. பொய்யா விவரம் சொல்லி விக்கிறது அதே சட்டத்தில தனிக் குற்றம்.

மீற்றரைக் குறைச்சுச் சுத்தின விசயம் எண்டா பொலிசுக்கும் போகலாம், அது ஏமாத்து. ரீகண்டிசன் காரெண்டா ஜப்பானில இருந்து வந்த ஏற்றுமதிச் சான்றிதழில அங்க பதிஞ்ச கிலோமீற்றர் இருக்கும், அங்க ஏலத்தில விக்கேக்க காரின்ர நிலையை எழுதிற ஏலத் தாளிலயும் இருக்கும். ஏலத் தாளில 4, 4.5 எண்டா நல்லது, R எண்டு எழுத்து நிண்டா அடிபட்டுத் திருத்தின கார், படத்தில எக்ஸ்எக்ஸ் (XX) போட்டிருக்கிற பகுதி மாத்தின பகுதி. சேல்காரர் காட்டுற தாளை நம்பாமல் செசி நம்பரைக் குடுத்து நீங்களே வேற இடத்தால எடுங்கோ. 2025ல திறந்த பிறகு 3 வருசத்துக்கு மேல பழசான கார் இறக்கேலாது, அதால இப்ப வாறது புதுக் கார் மாதிரித்தான் மினுங்கும், மினுக்கத்தைப் பாத்து இதைத் தவற விடாதேங்கோ.

ரீகோல், அதாவது பிழை எண்டு கொம்பனியே காரைத் திருப்பிக் கூப்பிடுறது பற்றியும் சொல்லோணும், இது உயிர்ப் பிரச்சினை. தகாட்டா எண்ட கொம்பனி செய்த எயார்பாக் வெடிக்கேக்க உள்ளுக்க இருக்கிற இரும்பு சிதறி ஆக்களைக் கொன்றது, உலகம் முழுக்கக் கோடிக்கணக்கான காரைத் திருப்பிக் கூப்பிட்டவை, கொம்பனியே 2017ல வங்குரோத்தாப் போனது. வெப்பமும் ஈரப்பதனும் கூடின நாடுகளிலதான் அந்த இரசாயனம் கெதியாப் பழுதாகிறது, எங்கட காலநிலையை யோசிச்சுப் பாருங்கோ. ஹொண்டா பிட் ஹைபிரிட்டையும் 2013, 2014ல ஒரு வருசத்துக்குள்ள அஞ்சு தரம் ஜப்பானில திருப்பிக் கூப்பிட்டவை, அதில முக்கியமானது டபிள் கிளச் கியர்பொக்ஸ் பிழை. அங்க திருத்தாமல் இஞ்ச ஏத்தி விட்ட கார் இருக்கலாம். செசி நம்பரைக் கொண்டு கொம்பனியின்ர ஜப்பான் தளத்தில பாத்தா ரீகோல் வேலை முடிஞ்சுதோ இல்லையோ எண்டு தெரியும். முடியேல்லை எண்டா ஏஜென்ற்றிட்ட எழுத்தில கேளுங்கோ, ரீகண்டிசன் எண்டு தட்டிக் கழிக்கப் பாப்பினம், அந்தப் பதிலையும் எழுத்தில வாங்குங்கோ.

லீசிங் போட்டு எடுத்த ஆக்கள் செய்யிற பெரிய பிழை, கார் பழுது எண்டு தவணையை நிப்பாட்டுறது. புத்தகத்தில முழு உரிமையாளர் எண்டு லீசிங் கொம்பனிதான் நிக்குது, அவைக்கு உங்கட பற்றறியைப் பற்றிக் கவலையில்லை, ரெண்டு மூண்டு தவணை விட்டா வந்து சீஸ் பண்ணிக்கொண்டு போயிடுவினம், பேந்து உங்களிட்டக் காரும் இல்லை, காட்டுறதுக்குப் பிழையும் இல்லை. தவணையைக் கட்டிக்கொண்டே சேல்காரரோட நில்லுங்கோ, லீசிங் கொம்பனிக்கும் கடிதத்தின்ர கொப்பியை அனுப்புங்கோ. சில கார் சேல் அவையின்ர லீசிங்காலதான் ஓடுது, அங்க இருந்து ஒரு போன் வந்தா அலுவல் கெதியா நடக்கும்.

கொழும்பில வாங்கின ஆக்களுக்கு இன்னும் கஸ்ரம். 400 கிலோமீற்றர், ரோ (இழுவை) வண்டியில ஏத்தி அனுப்புறதெண்டா அந்தக் காசே கண்ணீர். "கொண்டு வாங்கோ, திருத்தித் தாறன்" எண்டு அங்கயிருந்து சொல்லுறது லேசு, ஏனெண்டா கொண்டு வர மாட்டீங்கள் எண்டு அவருக்குத் தெரியும். வாங்கேக்கையே ஒரு வரி எழுதுவியுங்கோ, பிழை வந்தா யாழ்ப்பாணத்தில இன்ன கராஜில திருத்தி பில் அனுப்பலாம் எண்டு. சம்மதிக்காட்டி அந்தத் தூரத்தின்ர விலையைக் கழிச்சுத்தான் காரின்ர விலையைப் பேசோணும்.

அக்கான்ர விசயம் முடிஞ்சது இப்பிடி. 76ஆம் நாள் கடிதம் போனது, 7 நாள் குடுத்தம், பதில் இல்லை, 85ஆம் நாள் கச்சேரியில முறைப்பாட்டைக் குடுத்தம். ரெண்டு பக்கத்தையும் கூப்பிட்டு ஒரு மேசையில இருத்தினவை. சேல்காரர் ஓனரைக் கை காட்டினார், நாங்கள் அவற்ற லெற்றர்ஹெட் ரசீதை எடுத்து வச்சம். நல்ல காலம், அதை மட்டும் அக்கா அண்டைக்கே வாங்கி வச்சிருந்தவ, அட்டை போட்டு. அதுக்குப் பிறகு அவர் கதைக்கேல்லை. செத்த மொடியூலுகளை அவற்ற செலவில மாத்துறது, பற்றறியைக் குளிராக்கிற பானைச் சுத்தப்படுத்துறது, கூலியில பாதி நாங்கள் எண்டு முடிஞ்சது. முழுசா வேணும் எண்டு நிண்டிருக்கலாம், அக்காவுக்குப் பள்ளிக்கூடத்துக்குப் போக வாகனம் வேணும், ஓமெண்டுட்டா. அந்த இணக்கப் பேப்பரில ஒரு வரி சேக்கச் சொல்லி நான் கேட்டனான், மாத்தின மொடியூலுகளுக்கு 6 மாச வொரன்றி எண்டு. நாலாம் மாசம் அதே சிவப்பு முக்கோணம் திரும்ப எரிஞ்சுது. அந்தப் பேப்பரைப் போட்டோ எடுத்து வட்சப்பில அனுப்பினம், வேற ஒரு சொல்லும் எழுதேல்லை. அடுத்த நாள் காலமை பெடியன் வீட்ட வந்து காரை எடுத்துக்கொண்டு போனான், பின்னேரம் திருத்திக் கொண்டு வந்து விட்டான், ஸ்கான் ரிப்போட்டோட.